நீரேற்று மின்கட்டணம்

மோட்டாரை அணைத்தேனா இல்லையா. மேயர் அண்ணாச்சி கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, நமது மாநகராட்சியின் வருகிற ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை இந்த மாமன்றத்தின் முன் வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன் என்று ஆரம்பிக்கிற நேரம் பார்த்துத்தானா எனக்கு இது தோன்ற வேண்டும். சுவிட்சில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது இவுக, என் வீட்டுக்காரர், வாசலில் காரில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கினார்கள், நான் செருப்பைத் தேடப் போனேன், அதற்குள் கை சுவிட்சை அமுக்கியதா அல்லது சும்மா தொட்டுவிட்டு வந்ததா. மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி, வழிந்து, சன்ஷேடில் இறங்கி, பக்கத்து வீட்டுக்காரி காய வைத்த வடகத்தில் விழுந்துகொண்டிருக்கும். இவுகளிடம் கேட்கலாம் என்றால் அவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பார்வையாளர் வரிசையில், என் ஓட்டை அவர்கள் போட்டது போல, என் நாற்காலியை அவர்கள் வாங்கியது போல உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையும் அதுதான். இந்த வட்டம் பெண்களுக்கு என்று போன தேர்தலில் மாறியது, மூன்று வருஷமாக இவுக தெருத் தெருவாகக் கும்பிட்டுத் திரிந்தது வீணாய்ப் போகும் போல ஆனது, ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைப் பிசைந்துகொண்டே, சுகந்தி, நீ நில்லு என்றார்கள். இன்னொரு அப்பளம் வை என்கிற குரல் அது. சுவரொட்டியில் என் முகத்தைவிட இவுக முகம் பெரிது. சுகந்தி ஞானதுரை, அதிலும் ஞானதுரைதான் கொட்டை எழுத்து. வரும் வழியில் காரில் சொன்னார்கள், இன்னைக்கு நீ ஒண்ணும் பேசாண்டாம், எல்லாரும் மேசையத் தட்டும்போது தட்டு, போதும். ஜால்ரா தட்டவா நான் கான்வென்ட்டில் படித்தேன் என்று கேட்டேன். அங்க படிச்சவளுக்குத் தட்ட வராதோ என்று சிரித்தார்கள். சிரிக்கும்போது இன்னும் அழகாகத்தான் இருக்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

வாசலில் ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் பை உண்டு. போன வருஷம் தோளில் மாட்டுகிற பை, இந்த வருஷம் சக்கரம் வைத்தது, உருட்டிக்கொண்டே போகலாம். எல்லோரும் பையின் ஜிப்பை இழுத்துப் பார்க்கிறார்கள், சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். உள்ளே தலையணை மாதிரி ஒரு புத்தகம் கிடக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் எப்போது படிப்பது, புத்தகத்தைக் கையில் கொடுக்கிற நிமிஷமே கூட்டமும் ஆரம்பித்துவிடுகிறது. இது இங்கே வழக்கம். முன்னாடியே கொடுத்தால் படித்துவிடுவோம் என்று ஒரு பயம் போலிருக்கிறது, எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. பக்கத்தில் லூர்து அக்கா, இருபத்தோராவது வட்டம், முந்திரிப் பருப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டே கேட்டாள், மதியம் மட்டனா சிக்கனா விசாரிச்சியாட்டி. மட்டன் என்றேன். தெரிந்து சொல்லவில்லை, வாயை அடைக்கச் சொன்னேன். வேறு வேலை இல்லாததால் நான் புத்தகத்தை எடுத்தேன். வீட்டிலும் அப்படித்தான், மளிகைப் பொட்டலம் கட்டி வருகிற பேப்பரைக்கூடப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் போடுவேன். வரவு, செலவு, போன ஆண்டு ஆனது, வரும் ஆண்டுக்கு ஆகக்கூடியது. பக்கம் பக்கமாக ஒரே சூத்திரம், போன வருஷம் எவ்வளவோ அதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டு. தெருவிளக்கு, பத்தில் ஒரு பங்கு கூட்டு. குப்பை வண்டி டீசல், பத்தில் ஒரு பங்கு கூட்டு. இதற்கு ஒரு ஆணையர், ஒரு கணக்கு அலுவலர், ஒரு குழு, குழுவுக்குத் தலைவர், தலைவருக்குக் கார். குடிநீர் நிதி. வடக்கு நீரேற்று நிலையம், மின்கட்டணம். அங்கே என் விரல் நின்றது.

நின்றுவிட்டது. போன வருஷம் ஆன செலவு அதற்கு முந்தின வருஷத்தில் பாதிதான். அந்தப் பாதியோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி வரும் வருஷத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஏன் பாதி ஆனது. மேலே மேயர் அண்ணாச்சியும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார், சிக்கன நடவடிக்கைகளின் பயனாக வடக்கு நீரேற்று நிலையத்தின் மின்கட்டணம் சரிபாதியாகக் குறைக்கப்பட்டுள்ளது என்பதை இந்த மாமன்றத்துக்குப் பெருமையுடன், தட்டினார்கள், எல்லோரும் மேசையைத் தட்டினார்கள், லூர்து அக்கா முந்திரிப் பருப்பு இல்லாத கையால் தட்டினாள். சிக்கனமாம். போன வைகாசியில் அந்த நிலையத்து மோட்டார் எரிந்துபோனது. எரிந்தது ஐப்பசி வரைக்கும் எரிந்தபடியே கிடந்தது. உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை, காயிலை, மறுபடி கட்டக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள், அங்கேயிருந்து கடிதம் வந்தது, கடிதத்துக்குப் பதில் போனது, பதிலுக்குக் கையெழுத்து வர வேண்டியிருந்தது. ஓடாத மோட்டாருக்கு யார் கரண்ட் கட்டணம் போடுவான். அந்த அரை வருஷத்து மௌனத்தைத்தான் இவர்கள் சிக்கனம் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி மகள் பிரசவத்துக்கு என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு புருஷனோடு ஆறு மாசம் பெங்களூரில் போய் இருந்தாள், மீட்டர் சுற்றவில்லை, பில் வரவில்லை, அதைப் பார்த்து அவள் புருஷன் இனி வருஷம் பூரா இவ்வளவுதான் கரண்டுக்கு என்று எடுத்து வைத்தால் அவனைப் பைத்தியம் என்போம். இங்கே மேசையைத் தட்டுகிறோம். யாரும் திருடவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திருடியிருந்தால் ஒருத்தனைக் கைகாட்டி வையலாம். யாரோ ஒரு கிளார்க், நல்ல பிள்ளையாக, போன வருஷத்துக் கட்டத்தைப் பார்த்து இந்த வருஷத்துக் கட்டத்தை நிரப்பியிருக்கிறான். கூட்டல் சரி. எல்லாப் பக்கத்திலும் கூட்டல் சரி. மோட்டாரை அணைத்தேனா.

என் வட்டத்து மேட்டுத் தெருவுக்கு வடக்கு நிலையத்தை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. கீழே எல்லாம் போர் போட்டால் வரும், எங்கள் வீட்டிலும் போர்தான், மேட்டில் பாறை. லாரியும் ஏறாது. ஏறப் போன ஒரு லாரி பின்னால் உருண்டு தர்மகர்த்தா வீட்டுச் சுவரை இடித்த பிறகு எந்த டிரைவரும் வர மாட்டேன் என்கிறான். ஆக அந்த அரை வருஷமும் மேட்டு ஜனம் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினது, ஏறினது. அதுகூடப் பரவாயில்லை என்று சொல்லிவிடலாம், சொல்லியிருக்கிறேன், மனு கொண்டு வந்தவர்களிடம் கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் மேட்டில்தான் மாநகராட்சியின் பிரசவ நிலையம் இருக்கிறது, நான்கு கட்டில், ஒரு நர்ஸ். ஜெயசீலி. ஆனி மாசம் அந்த ஜெயசீலி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அக்கா, ஒரு வாளித் தண்ணிய வச்சிக்கிட்டுப் பிரசவம் பாக்கச் சொல்லுதீய, நீங்க பெத்தவதானே, எவ்வளவு தண்ணி வேணும்னு உங்களுக்குத் தெரியாதா. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. முந்தின நாள் பேச்சித்தாய்க்கு வலி எடுத்திருக்கிறது, தறி ஓட்டுகிறவன் பொண்டாட்டி, தலைப்பிள்ளை. தண்ணீர் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று ஆட்டோவில் ஏற்றி விட்டிருக்கிறாள். ரயில்வே கேட் மூடிக் கிடந்திருக்கிறது. சரக்கு வண்டி, நீளமான வண்டி. ஆட்டோவிலேயே பிறந்து, கேட் திறப்பதற்குள் போய்விட்டது. ஆண் பிள்ளை. நான் துக்கத்துக்குப் போனேன், இவுகளும் வந்தார்கள், போட்டோ எடுக்க ஒரு பையனையும் கூட்டி வந்தார்கள், அவனை நான்தான் கேமராவை உள்ளே வை என்று விரட்டினேன். பேச்சித்தாய் ஒன்றும் கேட்கவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சில் துணியை இறுக்கிச் சுற்றி உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது மறுபடியும் உண்டாகி இருக்கிறாள். பொங்கலன்று பார்த்தபோது ஜெயசீலிதான் சொன்னாள், வர்ற ஆனியில நாள், இந்தத் தடவையாவது தண்ணிய விடச் சொல்லுங்கக்கா. விடுவாங்க ஜெயசீலி, மோட்டார்தான் வந்துட்டே என்றேன். மோட்டார் வந்துவிட்டது. ஓட்டக் கரண்ட்டுக்குத்தான் பாதி வருஷப் பணம்.

பாதிப் பணத்தை வருஷம் முழுக்க இழுப்பதற்கு என்ன செய்வார்கள், அதையும் நான் யோசிக்க வேண்டாம், இஞ்சினியர் போன மாசமே வாய் தவறிச் சொல்லிவிட்டார், சித்திரையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டலாம்னு இருக்கோம் மேடம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஒரு நாள் விட்டு ஓட்டினால் வற்றிக் கிடக்கிற குழாய் நிறையவே பாதி நேரம் போய்விடும், கீழ்த்தெருக்காரன் எல்லாம் குழாயிலேயே மோட்டாரை வைத்து உறிஞ்சுவான், அது போக மேட்டுக்கு வருவது காற்று. உஸ் என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குடத்தோடு ஓடி வருவார்கள், அதோடு சரி. மேயர் அண்ணாச்சி பூங்காவுக்கு வந்துவிட்டார். செயற்கை நீரூற்று. தட்டுகிறார்கள். எழுந்திருக்க வேண்டும். குடிநீர் நிதி தாண்டிவிட்டது, ஆனாலும் கடைசியில் உறுப்பினர்கள் கருத்து என்று ஒரு நிமிஷம் விடுவார்கள், அந்த நிமிஷத்தில் எழுந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு சிஸ்டர் லியோனி என்னை நிறுத்திவைத்து, பின்சுவரைப் பார்த்துப் பேசு, அங்கே ஒரு செவிடன் நிற்கிறான், அவனுக்குக் கேட்க வேண்டும் என்பார். நான் அந்தச் செவிடனுக்குப் பேசிப் பேசிக் கோப்பை வாங்கினேன், ஷோ கேஸில் இருக்கிறது, இவுக அதில் பேனா போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே பின்சுவர் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் இவுக. இதற்கு என்ன பயம். வீட்டில் எனக்கு வாய் கொஞ்சமா, மீன்காரனிலிருந்து மாமியார் வரைக்கும் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் யார். ஆனால் தப்பாகப் படித்திருந்தால் என்ன செய்வது. வேறு ஏதாவது பக்கத்தில் மீதிப் பாதியை வைத்திருந்தால். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. நான் பெண்பிள்ளை, கணக்குத் தெரியாமல் உளறிவிட்டேன் என்று நாளைக்குப் பேப்பரில், இல்லை, பேப்பரில் அதுகூட வராது. லூர்து அக்கா, இந்தப் பக்கத்தப் பாருங்க என்று புத்தகத்தை நகர்த்தினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எங்க வட்டம் தெற்கு நிலையமாக்கும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஏட்டி, மனசுல வச்சிக்கிட்டு வெம்பாத, எந்திச்சு சொல்லு, யாரு உன்னத் திங்கப் போறா என்றாள். அவள் ஒருத்திதான் அப்படிச் சொன்னாள், வாயில் முந்திரியோடு.

உறுப்பினர்கள் யாரேனும் கருத்துச் சொல்ல விரும்பினால், என்று மேயர் அண்ணாச்சி புத்தகத்தை மூடியபடி சொன்னார், அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை, சாப்பாட்டு வாசனை ஏற்கனவே வந்துவிட்டது. நான் எழுந்திருந்தேன். எப்படி எழுந்திருந்தேன் என்று தெரியாது, முழங்கால் தானே நிமிர்ந்தது. பேசினேன். நன்றாகவே பேசினேன், குரல் நடுங்கவில்லை, மோட்டார் எரிந்தது, ஓடாத மாதங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், இந்தப் பணத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓட்ட முடியும், மேட்டுத் தெருவுக்கு ஏறாது, அங்கே பிரசவ நிலையம் இருக்கிறது, ஒரு குழந்தை செத்திருக்கிறது. இவ்வளவு சுலபமா, இத்தனை நேரம் இதற்கா இந்தப் பாடு என்று ஒரு நொடி எனக்கு நெஞ்சு விரிந்தது, அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. மேயர் அண்ணாச்சி சிரித்தார், நல்ல மனுஷன், தங்கச்சி சொல்லுதது நியாயம்தானே, ஏங்க, பாருங்க என்றார் கணக்கு அலுவலரிடம். குத்தாலிங்கம் சார் எழுந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர், யார்மேலும் கோபப்பட்டதில்லை. உறுப்பினர் சொல்வது உண்மைதான், பார்க்கத் தவறிவிட்டது என்றார். ஒத்துக்கொண்டார். ஆனால் குடிநீர் நிதி தனி நிதி மேடம், வெளியிலிருந்து ஒரு பைசா கொண்டு வர முடியாது, மொத்தத் தொகையைக் குழு முடிவு பண்ணியாச்சு. மின்கட்டணத்தைக் கூட்ட வேண்டும் என்றால் அதே நிலையத்தில் வேறு ஒரு தலைப்பைக் குறைக்க வேண்டும். மூன்று தலைப்பு இருக்கிறது. ஊழியர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுதுபார்ப்பு. எதைக் குறைக்கலாம் என்று உறுப்பினரே சொன்னால் இப்போதே திருத்திவிடலாம். கேலியாகச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அன்போடுதான் பார்த்தார்கள், சீக்கிரம் சொல்லு, சோறு ஆறுகிறது என்கிற அன்பு. சம்பளம். வால்வு திறக்கிற நான்கு பேர், அதில் ஒருத்தனுக்கு ஏற்கனவே மூன்று மாசம் பாக்கி. முடியாது. பிளீச்சிங் பவுடர். அதைக் குறைத்தால் மஞ்சள் காமாலை, ஒரு பிள்ளைக்குப் பதில் ஒரு தெரு. முடியாது. மீதி என்ன இருக்கிறது, மோட்டார் பழுதுபார்ப்பு. அதைக் குறைத்தால் வருஷம் பூரா ஓட்டக் கரண்ட் இருக்கும், எரிந்தால் கட்டப் பணம் இருக்காது. அது எரியும். எரிந்து கட்டின மோட்டார், தினமும் ஓட்டினால் எரியாமல் என்ன செய்யும். வைகாசியில் எரியுமா, ஆனி தாண்டி எரியுமா. நான் மோட்டாரிடம் இதைச் செய், அதைச் செய்யாதே என்று கெஞ்ச முடியுமா. நீரூற்றை நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வந்தது, அது பூங்கா நிதி, தனி நிதி. எல்லாமே தனி. செத்த பிள்ளைக்கு எந்த நிதி. பழுதுபார்ப்பு என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. என்ன மேடம் என்றார். பழுதுபார்ப்பு, அதக் குறைச்சுக்கோங்க. எழுதினார். சபைக்குப் படித்துக் காட்டினார், பன்னிரண்டாவது வட்ட உறுப்பினரின் ஆலோசனையை ஏற்று என்று. கூட்டல் சரியாக வந்தது. ஒரு மனதாக என்றார் மேயர் அண்ணாச்சி, தட்டினார்கள், எனக்காகத் தட்டினார்கள், லூர்து அக்கா என் முதுகிலேயே ஒன்று வைத்தாள், பேசிட்டியே தாயீ என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவுக எழுந்து நின்று பக்கத்தில் இருந்தவனிடம் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், வீட்டுக்காரி என்று சொல்லியிருப்பார்கள். இனி அந்த மோட்டார் எரிந்தால் அதற்குப் பெயர் இருக்கிறது. சுகந்தி ஞானதுரை.

சாப்பாட்டுக்குப் போகவில்லை. கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, குழாயைத் திறந்து, அது கொட்டுவதைப் பார்த்து, மூடி, ஜெயசீலிக்குப் போன் போட்டேன். பின்னால் எல்லோரும் சக்கரப் பையை உருட்டிக்கொண்டு பந்திக்கு ஓடுகிறார்கள், கடகடவென்று, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி. சிக்கன்தான், மட்டன் இல்லை என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். சொல்லுங்கக்கா என்றாள் ஜெயசீலி. கரண்டுக்குப் பணம் வச்சாச்சு ஜெயசீலி, தினமும் ஓட்டுவாங்க என்றேன். அவள் சந்தோஷப்படட்டும் என்று அவசரமாகச் சொன்னேன், பழுதுபார்ப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அவள் சந்தோஷப்பட்டால் எனக்குப் போதும் என்று இருந்தது. நல்லதுக்கா என்றாள், விருந்தாளி கொண்டு வந்த பழத்தை வாங்கி வைப்பது போல. பேச்சித்தாய்ட்ட சொல்லிரு, பயப்படாண்டாம்னு என்றேன். அவ இங்க இல்லக்கா. எங்க போனா. அவுக மாசியிலேயே வீட்டக் காலி பண்ணிட்டு ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு, பெரிய ஆஸ்பத்திரிப் பக்கமே போயிட்டாவ, வாடகை கூடுதல்தான், தறிய வித்துட்டு அவன் லோடு ஏத்தப் போறான். அவ மட்டுமில்ல, உண்டாயிருக்கவ, கல்யாணம் வச்சிருக்கவ எல்லாம் ஒவ்வொருத்தியா இறங்கிட்டா, தெருவுல பாதி வீடு பூட்டித்தான் கெடக்கு, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு அப்புறம் நான் அந்த மேட்டில் ஏறவில்லை. இருக்க கெழடுகளுக்கு ஆளுக்கு ரெண்டு குடம் போதும்க்கா, கட்டில் நாலும் சும்மாதான் கெடக்கு, என்னையவும் வேற எடத்துக்கு மாத்தப் போறாங்கன்னு பேச்சு. வச்சிரட்டுமா, பால் அடுப்புல இருக்கு. வைத்துவிட்டாள். பாதி வீடு பூட்டிக் கிடந்தால் யார் தண்ணீர் எடுப்பார்கள். யாரும் எடுக்காவிட்டால் தொட்டி சீக்கிரம் நிறையும், மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடும், மீட்டர் கொஞ்சம்தான் சுற்றும். அடுத்த வருஷம் பங்குனியில் யாரோ ஒரு நல்ல பிள்ளை அந்தக் கட்டத்தைப் பார்ப்பான், இன்னும் குறைந்திருக்கும், குறைந்ததோடு பத்தில் ஒரு பங்கு கூட்டுவான். மேயர் அண்ணாச்சி பெருமையுடன் படிப்பார். சுகந்தி, சாப்பிட வரலியா, எல்லாரும் உன்னத்தான் கேக்காவ என்று இவுக கதவைத் திறந்து கூப்பிட்டார்கள்.